விளக்கை எங்கே மாட்டுவது?

மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியபின் எல்இடி பல்பின் விலை வெகுவாகச் சரிந்து, குண்டு பல்பு பெரும்பாலான வீடுகளிலிருந்து விடைபெற்றுவிட்ட நிலையில், பல்பை மாற்றியதோடு மின்சிக்கனம் முடிந்துவிட்டதாகக் கருதும் போக்கு வீடு கட்டுவோரிடமும் அலுவலகம் அமைப்போரிடமும் காணப்படுகிறது. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் அந்த ஒரு பல்பு எரிந்த கூடத்தில் இன்று ஃபால்ஸ் சீலிங் போட்டு, 9 வாட் டவுன்லைட்டுகள் பன்னிரண்டைப் பதித்து ஒரே சுவிட்சில் எரியவிட்டால் செலவு 108 வாட்டாகிறது.

விளக்கு வெளியிடும் மொத்த ஒளியை லூமென் என்றும், அதில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது வந்து விழும் அளவை லக்ஸ் என்றும் குறிப்பர். பெட்டியின்மேல் அச்சாவது லூமென். கண்ணுக்கு வேண்டியதோ லக்ஸ். எழுதும் மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வரை தேவைப்பட, நடைவழிக்கு 100 லக்ஸே போதுமென்பதால், அறை முழுவதையும் மேசையின் அளவுக்கு ஒளியூட்டுவது வீண்செலவேயாகும்.

ஒளியை வேண்டிய இடத்தில் விழச் செய்யாத பிழை துலக்கமாகத் தெரியும் இடம் சமையலறை. கூரையின் நடுவில் மாட்டிய விளக்கின் ஒளி மேடையருகே நிற்பவரின் முதுகில் விழுவதால், காய் நறுக்கும் பலகைமேல் அவருடைய நிழலே படிகிறது. 10 வாட்டை 20 வாட்டாக்கினாலும் அந்நிழல் விலகாது. மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடிப்பக்கத்தில் 5 வாட் பட்டை விளக்கைப் பொருத்தினால் விலகிவிடும். மின்விசிறிக்கு நேர்மேலே விளக்கைப் பதித்து, இறக்கைகளின் நிழல் ஓயாமல் வெட்டும் அறையில் படிக்கச் சொல்வதும் இவ்வகைப் பிழையே.

அலுவலகங்களில் ஜன்னலோர விளக்கு வரிசைக்குத் தனிச் சுவிட்ச் வைத்தால், பகல்வெளிச்சம் போதுமான நேரத்தில் அவ்வரிசையை மட்டும் அணைத்துவிடலாம். வயரிங்கின்போதே தீர்மானிக்க வேண்டிய, கூடுதல் செலவு அதிகமில்லாத இவ்வேற்பாடு பெரும்பாலும் எவர் கவனத்துக்கும் வருவதில்லை.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். குண்டு பல்பின் வெப்பம் பெரும்பாலும் கதிராக வெளியேற, எல்இடியின் வெப்பமோ பின்புறம் தங்கி, மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்னும் சிறு மின்சுற்றைச் சுடுகிறது. காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டில் மாட்டிய பல்பு சீக்கிரமே அணைந்துபோவதற்குப் பல வேளைகளில் அதன் டிரைவரிலுள்ள மின்தேக்கி காய்ந்துபோவதே காரணமாதலால், அத்தகைய இடங்களுக்குக் குறைந்த வாட் பல்போ பின்புறம் காற்றோட்டமுள்ள விளக்கோ ஏற்றது.