“உன் கிட்னி ஒண்ணு கொடு”ன்னு வீட்டில் எப்படிக் கேட்பது?

டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் மாதத்திலேயே பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “டோனர் பார்த்தாச்சா?” ஏதோ கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தாச்சா என்கிற மாதிரி. கேட்பவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்கணும் என்று வாழ்கிறவருக்கு அதில் வேறொரு கஷ்டம் இருக்கிறது. அம்மாவிடமோ தம்பியிடமோ போய் எந்த வாயால் கேட்பது?

கேட்பதற்கு முன், யாரிடம் கேட்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

யார் கொடுக்கலாம்?

1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011-ல் வந்த திருத்தமும் ‘நெருங்கிய உறவினர்’ யார் என்று தெளிவாகச் சொல்கின்றன. கணவன் அல்லது மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி. பட்டியல் அவ்வளவுதான். 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் தாய்மாமாவும் சித்தியும் நெருங்கிய சொந்தம். பெரியப்பா பையனை ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். சட்டத்தின் கண்ணில் இவர்கள் யாரும் நெருங்கிய உறவினர் இல்லை. கூட வேலை பார்க்கும் நண்பரும் சொந்தத் தாய்மாமாவும் அங்கே ஒரே வரிசைதான். இவர்கள் கொடுக்கவே முடியாது என்று அர்த்தமில்லை. அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். ஏன் கொடுக்கிறார், எப்படிப் பழக்கம், பணம் கைமாறுகிறதா என்று குழு விசாரிக்கும். கொடுப்பவர், பெறுபவர் இருவரின் வேலை, கடந்த மூன்று ஆண்டு வருமானம் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எரிச்சல் வரும். சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் ‘கிட்னிவாக்கம்’ என்றே பெயர் இருந்தது. கடனை அடைக்கக் கிட்னியை விற்ற ஏழைகள் அங்கே அவ்வளவு பேர். அது பழைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்த புரோக்கர்கள் பற்றிய புகார் வெடித்தது. சிறுநீரகத்துக்குப் பணம் பேசினால், விற்பவர், வாங்குபவர், நடுவில் நிற்பவர் என எல்லோருக்கும் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. அபராதம் 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை. அதனால் “டோனர் தேவை” என்று போன் நம்பரோடு வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். முதலில் போன் பண்ணுகிறவர் பெரும்பாலும் நல்ல மனசுக்காரராக இருக்க மாட்டார்.

ரத்த வகை சேரலைன்னா?

ஓ வகைக்காரர் யாருக்கும் கொடுக்கலாம். ஏபி வகைக்காரர் யாரிடமிருந்தும் பெறலாம். ரத்த தானத்தில் பார்க்கிற பாசிட்டிவ், நெகட்டிவ் இங்கே கணக்கில்லை. இதைத் தெரியாமலேயே “எனக்கு நெகட்டிவ்ப்பா” என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு.

வகை சேராவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. ஒன்று, நோயாளியின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களை முன்கூட்டியே குறைத்துவிட்டுச் செய்யும் மாற்று சிகிச்சை. செலவும் தொற்று அபாயமும் அதிகம். இன்னொன்று ‘ஸ்வாப்’. உங்கள் மனைவியின் சிறுநீரகம் இன்னொரு குடும்பத்து நோயாளிக்கு, அந்த வீட்டுக்காரருடையது உங்களுக்கு. இதைச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் இரண்டு பக்கக் கொடையாளர்களும் அவரவர் நோயாளிக்கு நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும், அங்கீகாரக் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

டயாலிசிஸில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், ரத்தம் ஏற்றுவது. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் உடம்பு புதிய எதிர்ப்பொருள்களை உருவாக்கக்கூடும். பிறகு நல்ல டோனர் வந்தும் ‘கிராஸ்மேட்ச்’ பரிசோதனையில் தட்டிப்போகலாம். ஹீமோகுளோபின் குறைந்தால், ஊசி மருந்தில் சமாளிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கணவருடைய சிறுநீரகமோ பிள்ளைகளுடையதோ சில சமயம் சேராமல் போவதற்கும் இதே மாதிரிக் காரணம்தான். கர்ப்ப காலத்திலேயே அந்த எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கும்.

சரி, எப்படிக் கேட்பது?

என் கருத்தில், நோயாளியே நேருக்கு நேர் கேட்பதுதான் இருக்கிற வழிகளில் மோசமானது. ஃபிஸ்டுலா போட்ட கையோடு எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் எந்தத் தம்பியால் “முடியாது” என்று சொல்ல முடியும்? அப்படி வாங்கிய சம்மதம் பரிசோதனை மேஜைவரைக்கும்கூட வராமல் போகலாம். வந்தாலும் மனதில் ஒரு முள்ளோடு வரும்.

கோரிக்கையை விட்டுவிட்டுத் தகவலை அனுப்புங்கள். “எனக்கு மாற்று சிகிச்சைதான் நல்லதுன்னு டாக்டர் சொல்றார். யார் கொடுக்கலாம், என்னென்ன டெஸ்ட்னு தெரிஞ்சுக்கணும்னா இவங்ககிட்ட பேசுங்க” என்று மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரின் நம்பரைக் குடும்பத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுங்கள். இதைச் சொல்வதும் நீங்களாக இல்லாமல், வீட்டில் பேச்சுத் திறமையுள்ள இன்னொருவராக இருந்தால் நல்லது. விருப்பமுள்ளவர் தானாகக் கூப்பிடுவார். கூப்பிடாதவரைத் தீபாவளிக்கு வழக்கம்போலப் பார்க்க முடியும்; அதுவும் முக்கியம்தானே?

கொடுக்க முன்வந்தவர் கேட்டு வாங்க வேண்டியது, டாக்டரோடு தனியாக ஒரு சந்திப்பு. நோயாளி இல்லாமல், மாமியார் இல்லாமல். அங்கே அவர் “எனக்கு இஷ்டமில்லை” என்று சொன்னால், விவரத்தை வெளியே விடாமல் “இவர் பொருத்தமானவர் இல்லை” என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லும்படி டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். அறுவை சிகிச்சைக்கு முன் எந்த நாளிலும் மனம் மாற உரிமை உண்டு.

இது ரொம்பவும் தேவைப்படுவது பெண்களுக்கு. இங்கே உயிரோடு இருக்கும்போது கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். “அவர் சம்பாதிக்கிறவர், நீ வீட்லதானே இருக்கே” என்ற ஒரு வாக்கியம் போதும். 2014 விதிகளே இதைத் தனியாகக் கவனிக்கின்றன. கொடையாளர் பெண் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவருடைய சுயசம்மதத்தை, பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும்.

கொடுத்தவருக்கு என்ன ஆகும்?

முதலில் ஏகப்பட்ட பரிசோதனைகள்: சிறுநீர், ஸ்கேன், இதயம், மனநல ஆலோசனை. சர்க்கரை நோயும் பிரஷரும் நிறைந்த நம் குடும்பங்களில் பலர் இங்கேயே கழிந்துவிடுவார்கள். தேறியவருக்குப் பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில் சிறுநீரகத்தை எடுப்பார்கள். சில நாள் மருத்துவமனை. உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் நான்கு முதல் ஆறு வாரத்தில் திரும்பலாம். பாரம் தூக்குகிறவருக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். அந்தச் சம்பள இழப்பை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை, பேசிவிடுங்கள்.

மிச்சமுள்ள ஒரு சிறுநீரகம் மெல்ல வேலையைக் கூட்டிக்கொள்ளும். முன்பிருந்த மொத்தத் திறனில் சுமார் 70 சதவீதம் வரை வரும். ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அறுவை சிகிச்சையால் உயிருக்கு ஆபத்து 10,000 பேரில் மூன்று பேர் அளவில் என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. பிற்காலத்தில் சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை பிரஷர், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் ஆயுசுக்கும் பார்க்கணும். கண்டபடி வலி மாத்திரை போடக் கூடாது.

வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவதற்கான மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலிலும் உங்கள் மருத்துவமனை மூலம் பதிந்துவிடுங்கள். ஒன்று இருந்தால் மற்றது கூடாது என்பதில்லை. ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும் பட்டியல் அது. பதிந்த தேதி முக்கியம். சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது கையோடு எடுத்துப்போங்கள்.