நல வாரியத்தில் பெயர் சேர்க்கும்போது...

பெங்களூரில் எழும்பும் அடுக்குமாடிக் கட்டடங்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து வந்த நம்மவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. மேஸ்திரி, சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், பெயிண்டர் என்று நம் வாசகர் குடும்பங்களிலேயே பலர் இருக்கிறார்கள். இவர்களுக்காகக் கர்நாடகத்தில் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் இயங்குகிறது. நான் சில ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாருக்கு இந்த வாரிய விண்ணப்பங்களில் உதவி வருகிறேன். அதில் அறிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த உதவி தர்மம் அல்ல. கட்டடம் கட்டுபவர்கள் கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தை வரியாகச் செலுத்துகிறார்கள். அந்தப் பணம்தான் வாரிய நிதி. தமிழ்நாட்டில் 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்து, 1994-ல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு வாரியமும் அமைந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1996-ல் வந்தது. ஆனால் வாரியங்கள் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. ஊரில் அட்டை இருக்கிறது என்பதால் இங்கே பெயர் தானாக ஏறிவிடாது.

யார் சேரலாம்? 18 வயது முடிந்து 60 வயது முடியாதவராக இருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் 90 நாட்களாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே நிபந்தனையைத்தான் வைத்திருக்கிறது. 90 நாள் வேலைக்கான சான்றை ஒப்பந்தக்காரரிடமோ, பதிவு பெற்ற தொழிற்சங்கத்திடமோ பெறலாம்.

விண்ணப்பம் இப்போது கணிப்பொறி வழியாகவே நடக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோர் தாமே செய்வதில்லை. முகவர் ஒருவரிடம் போகிறார்கள். அவர் ஆதார் எண், செல்போன் எண், வேலை விவரம், வாரிசின் பெயர் ஆகியவற்றைப் பதிந்து, சான்றுகளைப் படமெடுத்து ஏற்றுகிறார். கணிப்பொறி ஒரு விண்ணப்ப எண்ணைத் தருகிறது. அந்தச் சீட்டைக் கையில் வாங்கியதும் உறுப்பினராகிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அதிகாரி சரிபார்த்து ஒப்புதல் தந்து, அட்டை வந்த பிறகுதான் உறுப்பினர். முகவர் எதைப் பதிகிறாரோ அதைத்தான் கணிப்பொறி அறியும். ஆகவே நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, செல்போன் எண். எங்கள் தெருவில் ஒரு மேஸ்திரிக்கு முகவர் தம் சொந்த எண்ணையே போட்டுவிட்டார். மகளின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கப் போனபோது ஓ.டி.பி. அந்த முகவருக்குப் போனது. அவரோ கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். எண்ணை மாற்றுவதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. உங்கள் எண்ணையே போடச் சொல்லுங்கள், ஓ.டி.பி.யை வேறு யாருக்கும் சொல்லாதீர்கள்.

இரண்டு, பெயர். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்தை இங்கே சில நேரம் பெயருக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். சிலர் விரித்தும் எழுதிவிடுவார்கள். இன்றைய கன்னடத்தில் 'ழ' இல்லாததால் கனிமொழி 'கனிமொளி' ஆகிவிடுவதும் உண்டு. ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ள எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று, முகவர் அனுப்புமுன் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மூன்று, சான்று. பணம் கொடுத்தால் வேலை செய்யாதவருக்கும் அட்டை வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சேர்ந்த பொய்ப் பதிவுகளைத் தொழிலாளர் துறை அண்மை ஆண்டுகளில் பெருமளவில் ரத்து செய்தது. பொய் பெருகினால், உண்மையாக உழைத்தவரின் விண்ணப்பத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

நான்கு, பெண்கள். கணவர் கொத்தனார், மனைவி சித்தாள். இருவரும் ஒரே சாரத்தில் ஏறி இறங்குகிறார்கள். பதிவில் மட்டும் மனைவி 'வாரிசு' என்று நின்றுவிடுகிறார். இது பெரிய இழப்பு. வேலை செய்யும் ஒவ்வொருவரும் தனி உறுப்பினராகலாம். அப்படிச் சேர்ந்தால்தான் மகப்பேறு உதவி, முதுமையில் ஓய்வூதியம் போன்றவற்றை அவர் தம் பெயரிலேயே கேட்க முடியும்.

சேர்ந்த பிறகும் அட்டையில் உள்ள புதுப்பிக்கும் தேதியை மறக்காதீர்கள். 60 வயதை நெருங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளாவது தொடர்ந்து உறுப்பினராக இருந்தவருக்கே 60-க்குப் பின்னும் உதவி பெறும் தகுதியைச் சட்டம் தருகிறது. இடையில் ஓராண்டு விட்டுப்போனால் பல ஆண்டு உழைப்பும் கணக்கில் வராமல் போகலாம்.

ஐயம் இருந்தால் கர்நாடகத் தொழிலாளர் உதவி எண் 155214-ல் கேட்கலாம். கன்னடம் பேசத் தயங்கும் பெரியவர்களுக்கு, இங்கேயே படித்து வளர்ந்த நம் பிள்ளைகள் பேசிக் கொடுக்கலாம். அடுத்த முறை உங்கள் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ ஒருவர் முகவரிடம் புறப்பட்டால், படித்த பிள்ளை ஒன்றையும் உடன் அனுப்புங்கள்.