ராத்திரியில் பேட்டரியை ‘குடித்த’ திருடன் சிக்கினான்!
சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது

வேங்கிக்கால்,—

பவுர்ணமிக்கு வெளியூர் குடும்பம் ஒன்றை விடியற்காலையிலேயே ஏற்றிவந்தார் ஒரு வாடகைக் கார் டிரைவர். நாள் முழுக்க வண்டி வேங்கிக்காலில் நின்றது. சாமி கும்பிட்டு, 14 கிலோமீட்டர் கிரிவலமும் முடித்து அவர்கள் திரும்பியபோது ராத்திரி மணி 3. சாவியைத் திருகினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! கால் கடுத்துப்போன பாட்டியம்மாளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, ஆண்கள் வண்டியைத் தள்ளினார்கள்.

ஒரே மாதத்தில் இது 3-வது முறை. பேட்டரியோ புத்தம் புதிது. “இன்னொரு பேட்டரிக்கு நான் எங்கே போறது?” என்று புலம்பிக்கொண்டே வேலூர் ரோட்டில் உள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைக்கு வந்தார். நிருபரும் அங்கே இருந்தார். (டீ குடிக்கத்தான்!)

“பாட்டு செட்டு எப்போ போட்டே தம்பி?”

“போன மாசம்தாண்ணே. ஆம்ப்ளிபயரும் சேர்த்து.”

எலெக்ட்ரீஷியன் சிரித்தார்.

மீட்டர் காட்டிக்கொடுத்தது

கதவுகளைச் சாத்தினார். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து மாட்டினார். இந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும், ஜாக்கிரதை! பிறகு அரை மணி நேரம் சும்மா இருந்தார். இந்தக் காலத்துக் கார்களில் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்குவதற்கு அவகாசம் வேண்டுமாம்.

நிற்கும் கார் 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் குற்றமில்லை. இதுவோ ஒன்றேகால் ஆம்பியர் இழுத்தது! 45 ஆம்பியர்-அவர் பேட்டரியை ஒன்றரை நாளில் காலி செய்துவிடும். பாதிக்கு மேல் வடிந்தாலே ஸ்டார்ட்டர் முக்க ஆரம்பிக்கும்.

பியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். எண் இறங்கவில்லை. பேட்டரியிலிருந்து போன தடித்த சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிபயரில் முடிந்தது. நடுவில் பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிச் செருகி வைத்திருந்தார்கள்! கம்பியை எடுத்தார். எண் 0.03-க்கு விழுந்தது. திருடன் சிக்கினான்!

ஆம்ப்ளிபயரை எழுப்பும் நீல ஒயர் பாட்டு செட்டிலிருந்து வரவேண்டும். செட்டை அணைத்தால் அதுவும் தூங்கும். பொருத்திய புண்ணியவான் அதை நேராக பேட்டரி ஒயரிலேயே முறுக்கிவிட்டார். ராப்பகலாக ஆம்ப்ளிபயர் விழித்திருந்தது.

தீ விபத்து தப்பியது

கார்பெட்டைத் தூக்கியதும் டிரைவர் முகம் வெளிறிப்போனது. சீட்டின் தண்டவாளம் உரசி உரசி, சிவப்பு ஒயரின் தோல் பாதி அறுந்திருந்தது! இன்னும் கொஞ்சம் தேய்ந்து செம்பு பாடியைத் தொட்டிருந்தால், பியூஸ் இல்லாத ஒயர் பழுத்துத் தீப்பிடித்திருக்கும். மேலே உட்கார்ந்து வந்தது 5 பேர்.

புது ஒயர் போட்டு ரப்பர் குழாய்க்குள் விட்டார். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே சரியான அளவு பியூஸ் வைத்தார். நீல ஒயரை செட்டோடு சேர்த்தார்.

“ஆக்சிலேட்டரை மிதிச்சா பாட்டோட ‘ஙொய்’னு ஒரு சத்தம் வருதுண்ணே.”

அதற்கும் வைத்தியம் இருந்தது. எர்த் ஸ்குரூ பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளத்த பிறகு இறுக்கினார். சத்தம் நின்றது.

செட்டு பொருத்தியவரை ‘ஒரு கை பார்க்க’ கிளம்பினார் டிரைவர். அவரைத் தடுத்து, இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.