அலை உடைந்தால் சோனார் ஏன் திணறுகிறது?

கடலுக்குள் ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் பாயும். அந்த ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுத்தான் நீர்மூழ்கிகளைத் தேடுகிறது சோனார் கருவி. ஆனா, பலத்த காற்றில் அலைகள் உடைந்தால் சிக்கல்தான். உடையும் அலை காற்றையும் உள்ளே இழுத்துப்போய், மேற்பரப்பை ஒட்டி எண்ணற்ற குமிழ்களாக்கிவிடும்.

தண்ணீரை அமுக்குவது கஷ்டம்; காற்றை ஈஸியா அமுக்கலாம். அதனால ஒலி பட்டதுமே குமிழ் சுருங்கி விரிந்து துடிக்கும். வந்த ஒலியை நாலாபுறமும் சிதறடிக்கும். 1 மி.மீ. ஆரமுள்ள குமிழின் இயல்பான துடிப்பு நொடிக்கு சுமார் 3,000 முறை. அதே அதிர்வெண்ணில் ஒலி வந்தால் சிதறல் பல மடங்கு எகிறும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி குமிழ்களையே ஆயுதமாக்கியது. நீர்மூழ்கியிலிருந்து வெளியேற்றப்படும் 'போல்ட்' டப்பாவில் கால்சியம் ஹைட்ரைடு இருக்கும். கடல்நீர் பட்டதும் ஹைட்ரஜன் குமிழ்கள் பொங்கும். எதிரியின் சோனாருக்கு அதுவும் ஒரு நீர்மூழ்கிதான்! அசல் கப்பல் அந்த கேப்பில் நழுவப் பார்க்கும்.