வெயில் மின்சாரம் ஆவது எப்படி?

ஓசூரை அடுத்த மத்திகிரி என்றதும் கால்நடைப் பண்ணைதான் நினைவுக்கு வரும். 1824-ல் ஏற்பட்ட பழைய பண்ணை அது. ஓசூரில் இருந்து பெங்களூர் சாலையில் போனால் எலக்ட்ரானிக் சிட்டி. டாடாவும் பி.பி. என்ற வெளிநாட்டுக் கம்பெனியும் 1989-ல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனத்தின் சூரிய மின்பலகைகள் அங்கே தயாராயின.

அந்தப் பலகையில் எண்ணெய் இல்லை. சக்கரம் இல்லை. சத்தமும் இல்லை. வெயில் பட்டால் மின்சாரம் வருகிறது! எப்படி?

மணலில் இருந்து கிடைக்கும் பொருள் சிலிக்கன். அதைச் சுத்தம் செய்து, அப்பளம் போல மெல்லிய வில்லைகளாக அறுக்கிறார்கள். ஒரு பக்கத்தில் துளி பாஸ்பரஸ் சேர்க்கிறார்கள். அங்கே எலெக்ட்ரான் என்னும் மின்துகள்கள் மிகுதி. மறுபக்கத்தில் போரான். அங்கே எலெக்ட்ரான் உட்கார வேண்டிய இடங்கள் காலி. இரண்டும் கூடும் இடத்துக்குச் 'சந்தி' என்று பெயர். சூட்சுமம் அங்கேதான்.

சந்தியின் ஓரத்தில் உள்ள சில எலெக்ட்ரான்கள் தாண்டிப் போய்க் காலி இடங்களை நிரப்புகின்றன. உடனே அங்கே ஒரு மின்தடுப்பு உண்டாகிவிடுகிறது. கிணற்று பம்புக் குழாயின் அடியில் புட்வால்வு இருக்கிறது அல்லவா? தண்ணீரை மேலே விடும். கீழே இறங்க விடாது. இந்தத் தடுப்பும் அப்படித்தான்.

வெயில் பட்டதும் எலெக்ட்ரான்கள் கட்டு அவிழ்ந்து துள்ளுகின்றன. தடுப்பு அவற்றைப் பாஸ்பரஸ் பக்கம் தள்ளுகிறது. திரும்ப வழி இல்லை. வெளியே கம்பி இணைத்தால் அதன் வழியே சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருகின்றன. வரும் வழியில் விளக்கை எரிக்கின்றன, பம்பை ஓட்டுகின்றன.

விரிசல் தந்த அதிசயம்

1940-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர் விரிசல் விட்ட சிலிக்கன் துண்டு ஒன்றைச் சோதித்தார். வெளிச்சம் பட்டதும் அதில் சுமார் அரை வோல்ட் மின்சாரம் கிளம்பியது! விரிசலின் இருபுறமும் கலந்திருந்த அழுக்கு வேறு வேறு. அதுவே காரணம். 1954-ல் அதே கூடத்தைச் சேர்ந்த சேப்பின், புல்லர், பியர்சன் மூவரும் சூரிய மின்கலம் செய்து, பொம்மை ராட்டினத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அன்று நூற்றில் 6 பங்கு வெளிச்சமே மின்சாரமாக மாறியது.

இன்றும் ஒரு வில்லை தருவது அரை வோல்ட் அளவுதான். ஆகவே பல வில்லைகளைச் சங்கிலி போலக் கோர்க்கிறார்கள். இங்கேதான் ஆபத்து. ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் கூட்டாளிகளும் சுணங்கிவிடும். தென்னை ஓலை நிழல் போதும், பம்பு தடுமாற! காசு போட்டு வாங்கி மரத்தடியில் மாட்டுகிறவர்களும் உண்டு.

சூடு அதிகமானால் மின்சாரம் அதிகம் என்பதும் தப்பு. வேண்டியது வெளிச்சம். பலகை சூடேறினால் மின்சாரம் குறையும். கடல் மட்டத்துக்குச் சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓசூர் பக்கத்துக்கு இதில் லாபம்தான்.

தூசியும் வெளிச்சத்தை மறைக்கும். பலகையை விடியற்காலையில் கழுவுவது நல்லது. உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம்.