திரையிற் கண்ட நீலச்சட்டை

1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவில் வெளியான 'த விசார்ட் ஒவ் ஒஸ்' என்னும் திரைப்படத்திலே, டொரதி என்னும் சிறுமியாக நடித்தவர் ஜூடி கார்லன்ட். அவர் அணிந்த நீலமும் வெள்ளையுமான கட்டம் போட்ட சட்டையையும் அதன் உள்ளே தோன்றும் வெளிறிய மேற்சட்டையையும் வகுத்தவர் ஏட்ரியன் என்னும் உடைக்கலைஞர். பண்ணை வீட்டுச் சிறுமியின் எளிய உடை அது. ஆயினும் அப்படத்திற்கெனத் தைக்கப்பட்ட சட்டைகளுள் ஒன்று, 2015இல் நியூயோர்க் நகரில் 15 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட விலைக்கு ஏலத்தில் விற்பனையாயிற்று. மூலம் எட்டாத விலைக்கு உயர்ந்தபோதும், அதனைப் போன்றதொன்றை மேடைக்காகவும் விழாவுக்காகவும் தைத்துக்கொள்ள விரும்புவோர் பலர். கடையிலே நீலக்கட்டத் துணி வாங்கித் தைத்தாற் போதாதோ என்று கேட்கலாம். தைத்து முடித்த சட்டையைப் படத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒவ்வா. அதற்குக் காரணம் தையலில் இல்லை, துணியிலேயே இருக்கின்றது.

திரையிலே காணும் நிறம் துணியின் நிறம் அன்று. அப்படம் டெக்னிக்கலர் முறையிற் பிடிக்கப்பட்டது. அம்முறையிலே, கமராவினுட் புகும் ஒளியை ஒரு கண்ணாடிப் பட்டகம் பிரித்து, மூன்று படச்சுருள்களிற் பதிவு செய்யும். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. பின்னர் அப்பதிவுகளிலிருந்து அச்சுச் சுருள்கள் செய்து, அவற்றை நீலப்பச்சை, செந்நீலம், மஞ்சள் ஆகிய சாயங்களில் ஊறவைத்து, வெறுஞ் சுருள் ஒன்றின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவர். ஆகவே திரைப்படச் சுருளும் ஒருவகையிற் சாயம் ஏற்றி அச்சிடப்பட்ட பொருளே. சட்டையின் நீலம் ஒன்று. சுருளின் சாயம் தந்த நீலம் வேறொன்று.

இதனை உடைக்கலைஞர் நன்கு அறிந்திருந்தனர். தூய வெள்ளைத் துணி அவ்விளக்கொளியிற் கண்ணைக் கூசச்செய்து, நடிகரின் முகத்தையும் மங்கச்செய்யும். ஆதலின் வெள்ளையாகத் தோன்றவேண்டிய துணியைச் சற்றே சாயந் தோய்த்து வெளிறச்செய்வது அக்காலத்து வழக்கம். கடையில் வாங்கிய பளிச்சென்ற வெள்ளைத்துணியில் மேற்சட்டை தைப்பவர் தவறுவது இவ்விடத்திலேதான். சாயத்தாற் செய்த மாயத்துக்கு அப்படத்திலேயே மற்றுமொரு சான்று உண்டு. கபில நிறக் காட்சிகள் முடிந்து, டொரதி வீட்டுக் கதவைத் திறந்ததும் வண்ண உலகம் தோன்றும். அவ்விடத்தில் வீட்டின் உட்புறம் முழுவதும் கபில நிறம் பூசப்பட்டது. கதவைத் திறப்பவரும் ஜூடி கார்லன்ட் அல்லர். கபில நிறச் சட்டை அணிந்த மாற்று நடிகை ஒருவரே. அவர் பின்வாங்க, நீலச்சட்டை அணிந்த கார்லன்ட் கதவின் வழியாக வெளியே வருகிறார்.

எனவே பிரதி செய்ய முனைவோர் முதலில் ஒரு முடிவுக்கு வரவேண்டும். அவர் பின்பற்றுவது திரையின் நீலத்தையா, 1938இல் தைத்தபோது இருந்த நீலத்தையா, அன்றி எஞ்சியுள்ள சட்டையில் இன்று காணும் நீலத்தையா? பல ஆண்டு ஒளியும் காற்றும் எந்தச் சாயத்தையும் மங்கச்செய்யும். மூன்றில் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால், ஒரு பகுதி ஒன்றையும் மற்றப்பகுதி வேறொன்றையும் ஒத்து, முழுச்சட்டையும் எதனையும் ஒவ்வாது போய்விடும்.

அடுத்தது கட்டங்களின் செய்தி. இத்துணி நெய்வதற்கு முன்பே நூலுக்குச் சாயம் ஏற்றி நெய்யப்படுவது. நமது கைத்தறிச் சாரத்தைத் திருப்பிப் பார்ப்பவர் இதனை அறிவர். உள்ளும் புறமும் ஒரே நிறம். நீலப் பாவும் வெள்ளை ஊடையும் கலக்கும் இடம் இளநீலமாகும். வேண்டிய அளவிற் கட்டம் கடைகளிற் கிடையாதபோது, வெள்ளைத் துணியில் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் அச்சு ஒரு புறத்திலேதான் தெளிவாக நிற்கும். ஆதலின் மடித்துப் புறந்தெரியும் இடங்களை முன்னரே எண்ணித் துணியை வெட்டுதல் வேண்டும்.

அச்சிடும் முன் துணியைக் கழுவிச் சுருங்கவைப்பது இன்றியமையாதது. பருத்தித்துணி நூற்றுக்கு 5 பங்கு சுருங்குமாயின், 6 மில்லிமீற்றர்க் கட்டம் 5.7 மில்லிமீற்றர் ஆகிவிடும். ஒரு கட்டத்தில் இது சிறிதே. 20 கட்டங்களில் 120 மில்லிமீற்றர் 114 ஆகும். இடுப்புப் பட்டியிலே கட்டங்கள் பொருந்தாமல் நிற்பதற்கு இக்குறைவே போதும். இன்றைய மை தெளிக்கும் அச்சுப்பொறிகள் இவ்வேலையை எளிதாக்கியுள்ளன. துணியிற் காரமும் பசையும் யூரியாவும் முன்னரே ஏற்றி, சாயமையை அச்சிட்டு, நீராவியில் வைத்துப் பிணைத்தபின் எஞ்சிய சாயத்தைக் கழுவி அகற்றுவர். முழுத்துணியையும் அச்சிடுமுன் நீலத்தின் பல சாயல்களைச் சிறு துண்டொன்றில் அச்சிட்டுப் பார்ப்பவர் பணத்தையும் துணியையும் காப்பவராவர்.

மேற்சட்டைக்கு வெளிறிய சாயம் ஏற்றுவது வீட்டிலும் இயலும். பருத்தி நாரோடு இரசாயன முறையிற் பிணையும் சாயங்கள் 1956இல் பிரித்தானியாவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. கறியுப்பு சாயத்தை நாரிடம் செலுத்தும். சலவைச் சோடா அதனைப் பிணைக்கும். வெளிறிய நிறத்துக்கு, துணியின் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சாயம் போதும் எனக் கொள்வோம். 200 கிராம் துணிக்கு வேண்டியது 0.2 கிராமே. சமையலறைத் தராசு இதனை நிறுக்காது. ஆகையால் 1 கிராம் சாயத்தைக் கரைத்து 100 மில்லிலீற்றர் ஆக்கி, அதில் 20 மில்லிலீற்றரை அளந்தெடுப்பர். தேயிலைச் சாற்றில் தோய்ப்பதும் உண்டு. ஆனால் அது இரும்புக்கறை பட்டாற் கறுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே நிறத்தைத் தராது.

தோய்த்த துணியை உலர்ந்தபின்னரே ஒப்பிடவேண்டும். ஈரத்துணி எப்போதும் கருமையாகத் தோன்றும். பகலொளியில் ஒத்திருக்கும் இரு துணிகள் மின்விளக்கின்கீழ் வேறுபடுவதும் உண்டு. ஆதலின் எந்த ஒளியில் உடையை அணியப் போகிறாரோ, அந்த ஒளியிலேயே பார்த்து முடிவு செய்தல் தகும்.

இத்துணைச் சிரமமும் எதற்கு? 2021இல் வாஷிங்டனிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் டொரதியின் சட்டை ஒன்று, பழைய பொருள்களிடையே ஒரு பெட்டியிலிருந்து கிடைத்தது. அது மூலந்தானா என்று தெளிய, அறிஞர் அதன் துணியையும், உள்ளே கையால் எழுதப்பட்டிருந்த ஜூடி கார்லன்டின் பெயரையும், மறைவான சட்டைப்பையையும் ஆராய்ந்தனர். பிரதி எவ்வளவு செம்மையாக அமைகிறதோ, அவ்வளவுக்கு அது மூலமென மயக்கும் ஆற்றலையும் பெறுகிறது. ஆதலின் பிரதியின் உள்மடிப்பிலே செய்தவர் பெயரையும் ஆண்டையும் தைத்துவைத்தல் நேர்மையான வழி. கண்ணை மயக்குவது கலை; வாங்குவோரை மயக்குவது வஞ்சனை. இரண்டுக்கும் இடையே நிற்பது அந்தச் சிறு துணித்துண்டே.