ஜெர்சிச் சொந்தம்

2011 ஜூலை 17 அன்று அல் ஐன் நகரில் லெபனானோடு நடந்த நட்பு ஆட்டத்தில் ஐக்கிய அரபு அமீரக அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. தியாப் அவானா என்ற இளைஞர் ஓடிவந்தார். பந்தை நெருங்கியதும் சட்டென்று திரும்பி, கோல்கீப்பருக்கு முதுகைக் காட்டியபடி குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார். கோல்! எதிரணியைக் கேலி செய்துவிட்டார் என்று சொந்தப் பயிற்சியாளருக்கே கோபம். அவரை வெளியே கூப்பிட்டுக்கொண்டார். அமீரகம் 7-2 என்று ஜெயித்தது இன்று பலருக்கு ஞாபகம் இருக்காது. அந்தக் குதிகால் தட்டு மட்டும் இணையத்தில் உலகம் சுற்றியது. பத்து வாரம் கழித்து, செப்டம்பர் 25 அன்று, அபுதாபியில் அவர் ஓட்டிவந்த கார் ஒரு லாரியில் மோதியது. இறந்தபோது வயது 21.

பனியாஸ் கிளப்புக்கு ஆடிய பையன் அவர். ஆனால் அழுதவர்களில் பெரும்பாலோர் அவரோடு ஒருமுறைகூடக் கை குலுக்கியிராதவர்கள்.

அமீரகத்தில் துக்க வீடு மூன்று நாள் திறந்திருக்கும். ஆண்களுக்குத் தனியே, பெண்களுக்குத் தனியே. கூடாரத்திலோ மஜ்லிஸ் என்ற வரவேற்புக் கூடத்திலோ வீட்டுப் பெரியவர்கள் வரிசையாக நிற்பார்கள். வருகிறவர் ஒவ்வொரு கையாகப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் உட்காருவார். பிடியில்லாத சின்னக் கோப்பையில் கஹ்வா என்ற அரபுக் காபி வரும், கூடவே பேரீச்சம்பழம். கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டினால் போதும் என்று பொருள். சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்து போவார். பேச்சு அதிகம் கிடையாது. நம்மூரில் துக்கம் விசாரிக்கப் போகிறவர்களும் பெரும்பாலும் இப்படித்தானே திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம்.

முன்பின் தெரியாதவருக்காக ஒருவர் ஏன் அழ வேண்டும்? அப்படி அழுகிறவர் வந்து உட்கார்ந்துபோவதால் பெற்றவருக்கு என்ன ஆகிவிடப்போகிறது? இரண்டுமே ஆய்வாளர்களைக் குடைந்த கேள்விகள்.

முதல் கேள்விக்கு இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவினும் கூட்டாளிகளும் ஒரு நாடகமே போட்டார்கள். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களான மாணவர்களைக் கூப்பிட்டு, அந்த அணியைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டுவிட்டு, பக்கத்துக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். வழியில் ஓடிவரும் ஒருவன் வழுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துவான். அவன் நடிகன். அவன் மேலிருக்கும் சட்டைதான் சோதனை. மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சி போட்டு விழுந்தபோது 13 பேரில் 12 பேர் ஓடி வந்து உதவினார்கள். ஜென்மப் பகையான லிவர்பூல் ஜெர்சி என்றால் 10 பேரில் 3 பேர். சாதாரணச் சட்டை என்றால் 12 பேரில் 4 பேர். வலி ஒன்றுதான், கத்தலும் ஒன்றுதான்.

பிறகு கேள்விகளை மட்டும் மாற்றினார்கள். இந்த முறை மான்செஸ்டர் யுனைடெட்டைப் பற்றிப் பேசாமல், கால்பந்து ரசிகனாக இருப்பதைப் பற்றிப் பேசவைத்தார்கள். லிவர்பூல் சட்டைக்காரனுக்கு உதவியவர்கள் இப்போது 10 பேரில் 7 பேர். சில நிமிடப் பேச்சில் பகைவன் பங்காளியாகிவிட்டான். 2005-இல் வெளியான இந்த ஆய்வை நல்ல செய்தியாகவே எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு உறுத்துவது அதன் கடைசி வரி: எந்த ஜெர்சியும் போடாமல் விழுந்தவனுக்கு உதவியவர்கள் இந்த முறையும் 9 பேரில் 2 பேர்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஸ்பெயினுக்குப் போக வேண்டும். சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற கிராமத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தீமிதி நடக்கிறது. முதுகில் ஒரு ஆளைச் சுமந்துகொண்டு தணலில் நடப்பார்கள். மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டு டென்மார்க் ஆய்வுக் குழு ஒன்று கணக்கெடுத்தது. தணலில் நடந்தவரின் துடிப்பு ஏறி இறங்கிய வடிவத்திலேயே, ஓரமாகச் சும்மா நின்ற உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களின் இதயம் தன் போக்கில் அடித்துக்கொண்டிருந்தது. திரௌபதி அம்மன் கோயிலில் பிள்ளை பூக்குழியில் இறங்கும்போது கரையில் நிற்கும் தாய்க்கு இதை யாரும் கருவி வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ரசிகரின் இதயமும் சும்மா இருப்பதில்லை. 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாள்களில் மியூனிக் பகுதியில் இதயக் கோளாறுக்காக அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் மற்ற நாள்களைப் போல 2.66 மடங்கு. ‘வெறும் விளையாட்டு’ என்பது மூளை சொல்லும் சமாதானம். நெஞ்சு அதை நம்புவதில்லை.

இந்தப் பிணைப்பை வெற்றியைவிடத் தோல்விதான் இறுக்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்வி வைட்ஹவுஸும் மார்த்தா நியூசனும் இங்கிலாந்து பிரீமியர் லீக் ரசிகர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: சக ரசிகர்களைக் காப்பாற்ற உங்கள் உயிரைக் கொடுப்பீர்களா? கற்பனைக் கேள்விதான். அப்போது அடிக்கடி தோற்றுவந்த கிரிஸ்டல் பேலஸ் ரசிகர்களில் மூன்றில் ஒருவர் ஆம் என்றார். கோப்பைகள் குவித்த ஆர்செனல் ரசிகர்களில் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. சேர்ந்து பட்ட அடி, ரத்த உறவு செய்கிற வேலையைச் செய்கிறது.

வளைகுடாவில் இந்தப் பிணைப்பு ஏன் இன்னும் அழுத்தமாக இருக்கிறது என்பது இப்போது விளங்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்க் கரையிலிருந்தோ மலப்புறத்திலிருந்தோ வந்தவருக்கு அம்மா, மனைவி, மாமன், மச்சான் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருப்பது ரூம், கம்பெனி, லீவு நாளில் வாடகை மைதானத்தில் ஏழு பேர் ஆட்டம். ஊரில் உறவு செய்யும் காரியத்தை இங்கே ஜெர்சி செய்தாக வேண்டும்.

ஒருவர் இறந்துவிட்டால் அந்தக் காரியம் லேசானதல்ல. மருத்துவமனைச் சீட்டு, போலீஸ் தாள், இறப்புச் சான்றிதழ், தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, விசா ரத்து, எம்பாமிங், விமானத்தில் இடம். துபாயில் எம்பாமிங் நடக்கும் முஹைஸ்னாவைத் தொழிலாளர்கள் சோனாப்பூர் என்றுதான் சொல்வார்கள். உடலை ஊருக்கு அனுப்பும் செலவு சட்டப்படி முதலாளியுடையது; வழியில்லாதவர்களுக்கு இந்தியத் தூதரகத்தின் சமூக நல நிதி இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு கவுண்டரிலும் யாராவது ஒருவர் வேலைக்கு லீவு போட்டு நிற்க வேண்டும். 2019 வரை ஏர் இந்தியா சவப்பெட்டியை எடைபோட்டுக் கட்டணம் வாங்கியது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு பெரியவர்களுக்கு 1,500 திர்ஹாம் என்று ஒரே கட்டணம் வந்தது.

ஜெர்சியும் இல்லாத, கேட்க ஆளும் இல்லாதவர்? அங்கேதான் அஜ்மானில் வசிக்கும் கேரளத்துக்காரர் அஷ்ரஃப் தாமரசேரி வருகிறார். என்ன நாடு, என்ன மதம் என்று கேட்காமல் ஆயிரக்கணக்கான உடல்களை அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்தவர். இந்திய அரசு 2015-இல் அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது கொடுத்தது. லங்காஸ்டர் சோதனையின் அந்தக் கடைசி வரிக்கு நான் அறிந்த நல்ல பதில் இவர்தான்.

இனி இரண்டாவது கேள்வி. வந்து கையைப் பிடிப்பதால் என்ன பயன்? அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மணமான 16 பெண்களை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, கணுக்காலில் மின்அதிர்ச்சி வரலாம் என்று மிரட்டினார்கள். தனியாகக் கிடந்தபோது அச்சத்துக்கான பகுதிகள் துடித்தன. கணவன் கையைப் பிடித்ததும் வெகுவாக அடங்கின. வியப்பு என்னவென்றால், முகம் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோதும் ஓரளவு அடங்கின. துக்க வீட்டு வரிசையில் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் போவது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

தியாபின் தந்தை வந்தவர்களின் கைகளோடு நின்றுவிடவில்லை. மகன் கார் ஓட்டியபடியே பிளாக்பெர்ரி போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததுதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாதென்று ஃபேஸ்புக்கில் பிரச்சாரம் தொடங்கினார். அடுத்த மாதமே பிளாக்பெர்ரி சேவை உலகெங்கும் சில நாள் முடங்கியது. அந்த நாள்களில் துபாயில் விபத்துகள் 20 சதவீதம் குறைந்தன என்றது போலீஸ். அபுதாபியில் 40 சதவீதம், ஒரு சாவுகூட இல்லை. சேவை முடங்கியதால் எவ்வளவு, தியாபின் சாவு தந்த அதிர்ச்சியால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சில நாள் கணக்கை வைத்துப் பெரிய முடிவுக்கு வருவதும் சரியல்ல. ஆனாலும் அந்த அப்பா சொல்லவந்தது பொய்யில்லை என்று அந்த வாரம் காட்டிவிட்டது.

மூன்றாம் நாளோடு கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். நம்மூரில் பதினாறாம் நாள் காரியத்தோடு கூட்டம் கலையும். துக்கத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆறு மாதம் தாண்டியும் அன்றாடத்தை முடக்கும் துயரத்தைத் தனி நோயாகவே உலக சுகாதார நிறுவனம் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உங்கள் அணியிலோ ரூமிலோ ஒருவரை இழந்திருந்தால், பெட்டியை விமானத்தில் ஏற்றியதோடு விட்டுவிடாதீர்கள். அவர் வீட்டு நம்பரைக் குறித்துவைத்து, ஆறாவது மாதம் ஒருமுறை கூப்பிட்டு, அவர் எப்படி ஆடுவார் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.